‘இல்லை’ என்று எழுதிய சீட்டு

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆன பிறகு, புதிதாகச் சேர்ந்த பயிற்சி அதிகாரிகளிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி, நான் வேலை பார்த்த சுரங்கத்தின் ஸ்டோர்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். தேங்கிக் கிடந்த சரக்கை எப்படிக் குறைத்தோம் என்பதுதான் தலைப்பு. குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு போய்ப் பேசினேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். “மேடம், எவ்வளவு குறைக்கணும்னு டார்கெட் ஃபிக்ஸ் பண்ணும்போது எதை வச்சுப் பண்ணீங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. எல்லோரும் சொல்லும் பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையான பதிலில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அதைச் சொல்ல நா எழவில்லை. கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போதே, எழுதியாவது விடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் பெயர் மேரி. அப்பா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆகிக் குடித்தனம் நடத்தியது எல்லாம் நெய்வேலி நகரியத்தின் ஏதாவது ஒரு வட்டத்தில்தான். பி.காம். முடித்ததும் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கவுன்டரில் உட்கார்ந்து, வரும் சீட்டுகளைப் பார்த்துப் பொருள் கொடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை இருக்கும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்கும். மிச்சம் இருந்தால் கொடுப்போம். பூஜ்யம் என்றால் சீட்டின் மேல் சிவப்பு மையில் ‘இல்லை’ என்று எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் ஒன்றுதான். ‘இல்லை’ என்று எழுதும் நிலைமை வரக்கூடாது. அதனால் வாங்கி வைத்துக்கொள். ரேக் நிரம்பியிருந்தால் நல்ல ஸ்டோர்ஸ் என்று பெயர்.

நிரப்பினோம். பரீட்சைகள் எழுதி நான் அதிகாரியாகி, சரக்கிருப்புப் பிரிவைப் பார்க்கத் தொடங்கிய 2010களில், ஆறு ஷெட்களும் நிரம்பி வழிந்து, வெளியே யார்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். மழைக்காலத்தில் தார்ப்பாயைத் தூக்கினால் பாம்பு கிடக்கும். ஓடாத மிஷின்களுக்கான பாகங்கள், யாரோ கேட்டு வாங்கிவிட்டு எடுக்கவே வராத பெட்டிகள், எதற்கென்றே யாருக்கும் தெரியாத வார்ப்பிரும்புச் சாமான்கள் என்று எல்லாம் அங்கே இருந்தன.

ஒரு ஏப்ரலில் மேலேயிருந்து கடிதம் வந்தது. இருப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வருடத்துக்குள் குறைக்க வேண்டும். எப்படி என்று அதில் இல்லை. அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவர் பதவி காலியாக இருந்தது. பொறுப்பு என் கையில். நான் என்ன செய்தேன் தெரியுமா? குறைக்க எது சுலபமோ அதைக் குறைத்தேன். பல வருடமாகத் தூங்கும் பாகத்தை விற்க வேண்டுமென்றால் கமிட்டி கூட வேண்டும், பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் தினமும் போய்வரும் கையுறை, பல்பு, ரெயின்கோட் இதையெல்லாம் இந்த முறை வாங்காமல் விட்டால் போதும், இருப்பு தானாக இறங்கும். மூன்று மாதத்தில் அறிக்கையில் எண் அழகாக இறங்கியது. பாராட்டிக்கூட எழுதினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கவுன்டர் முன்னால் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர் ஒருவர் வந்து நின்றார். தலையிலிருந்து முழங்கால்வரை உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போர்த்தியிருந்தார். கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ரெயின்கோட் வரலைன்னு சொன்னாங்க மேடம். ஏன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“டார்கெட் இருக்குங்க. அடுத்த மாசம் வந்துடும்,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “டார்கெட்டு ஷெட்டுக்குள்ள நனையாம இருக்குது மேடம். நாங்கதான் வெளிய நிக்கிறோம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த மாதம்தான் சென்னியப்பன் சார் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், மேல்பாக்கெட்டில் பேனாவோடு ஒரு சாக்பீஸும் வைத்திருப்பார். வந்த முதல் வாரம் அவர் தன் அறையில் உட்காரவே இல்லை. கையில் ஒரு பழைய துணியை வைத்துக்கொண்டு ஷெட் ஷெட்டாக நடந்தார். ஏதாவது ஒரு பெட்டி முன்னால் நிற்பார். தூசியைத் துடைப்பார். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம், “இது யாருங்க கேட்டு வந்துச்சு? எந்த மிஷினுக்குங்க? அந்த மிஷினு இன்னும் ஓடுதுங்களா?” என்று கேட்பார். பதில் தெரியவில்லை என்றால் திட்டமாட்டார். “செரிங்க, கேட்டுச் சொல்லுங்க,” என்று பெட்டி மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தக் கோடு மறுநாளும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைவிடத் திட்டே மேல் என்று எங்கள் ஸ்டோர்கீப்பர்கள் சொல்வார்கள்.

வாரக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். என் அறிக்கை அவர் மேஜைமேல் இருந்தது.

“ஏனுங்க மேரிம்மா, இறங்கின எண்ணிக்கையில ரெயின்கோட்டு எவ்வளவு, கையுறை எவ்வளவு?”

சொன்னேன்.

“தூங்குற சாமான் எவ்வளவுங்க?”

ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும்.

“உங்களச் சொல்லலீங்க. மொட்டையா ஒரு எண்ணைக் கொடுத்தா நானும் இதத்தான் பண்ணியிருப்பேன். இலக்கையே மாத்தோணும். முதல்ல ஒவ்வொரு சாமானும் ஏன் வந்து தேங்குச்சுன்னு கண்டுபுடிப்போம். காரணத்துக்குத் தகுந்த மாதிரி இலக்கு.”

அடுத்த இரண்டு மாதம் அதைத்தான் செய்தோம். நின்றுபோன மிஷின்களின் பாகங்களுக்கு மஞ்சள் குறி வைத்தோம். அவற்றை ஒரு வருடத்துக்குள் முழுவதுமாக அனுப்பிவிட வேண்டும் என்பது இலக்கு. பெரிய எந்திரங்களுக்கு என்றாவது ஒருநாள் தேவைப்படும், கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்கிற பாகங்களுக்குப் பச்சைக் குறி. அவை பத்து வருடம் நகராவிட்டாலும் விற்கக்கூடாது. மாதம் ஒருமுறை கிரீஸ் தடவி, திருப்பி வைக்க வேண்டும். தினசரிச் சாமான்களுக்கு இலக்கு தலைகீழ்: ஒருநாள்கூடத் தீர்ந்துபோகக் கூடாது. ரெயின்கோட்டை அந்த வாரமே வாங்கினோம். இதையெல்லாம்விட முக்கியமாக, எவ்வளவு வேண்டும், எவ்வளவு குறைக்கலாம் என்று ஒவ்வொரு பிரிவும் தானே எழுதித் தன் ஃபோர்மேனின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும் என்று சார் கேட்டார். “அவங்க கையால எழுதுன இலக்க அவங்க காப்பாத்துவாங்க. நாம எழுதுனா நம்மகிட்ட ஒளிப்பாங்க,” என்றார்.

அப்படி வந்த தாள்களில் ஒன்றுதான் என்னை நிறுத்தியது. கன்வேயர் பிரிவிலிருந்து ஃபோர்மேன் கோதண்டபாணி அனுப்பியது. மண்ணை ஏற்றிச் செல்லும் பெல்ட்டை இழுக்கிற பெரிய உருளைக்கான பேரிங் இன்னும் எட்டு வேண்டும் என்று எழுதியிருந்தார். எடை அதிகமான பேரிங். ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. அட்டையைப் பார்த்தேன். பல வருடமாக அவர் பிரிவு எடுத்துக்கொண்டே இருந்தது. பராமரிப்பு ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் மாற்றியது, எடுத்ததில் பாதிகூட இல்லை. மீதி எங்கே?

எங்கள் விதிகளில் இதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. வாங்கிய பொருளைக் கணக்கில்லாமல் வெளியே வைத்திருப்பது குற்றம். விசாரணை, மெமோ என்று போகும். கோதண்டபாணிக்கு ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் நானே ஜீப்பில் கிளம்பினேன்.

கோதண்டபாணி காடாம்புலியூர்க்காரர். முந்திரிக்காட்டு மண்ணின் நிறம், கட்டையான உடம்பு, உரத்த குரல். என்னைக் கண்டதும், “வாங்க மேடம், வாங்க,” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ரெஜிஸ்டரையும் அட்டையையும் அவர் முன் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, “வாங்க,” என்று நடந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், சைட் ஆபீசாக முன்பு இருந்த ஒரு தகரக் கூடு நின்றது. பூட்டைத் திறந்தார். உள்ளே எங்கள் ஷெட்டைவிடச் சுத்தமாக இருந்தது. பலகை அடித்து, அதன் மேல் பேரிங்குகளைப் படுக்கை வாட்டில், எண்ணெய்க் காகிதம் சுற்றி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் சீல்கள், போல்ட்டுகள், கப்ளிங்குகள். ஈரம் ஏறாமல் இருக்க மூலைக்கு மூலை சுண்ணாம்பு வைத்திருந்தார்.

“ஒண்ணுகூட வூட்டுக்குப் போவல மேடம். எண்ணிப் பாத்துக்குங்க.”

“அது எனக்குத் தெரியும்ணே. எதுக்கு இப்படி?”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். அதன் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதே பேரிங்குக்கான சீட்டு. பல வருடம் முந்தையது. மேலே சிவப்பு மையில் ‘இல்லை’. பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. என்னுடையது.

“அப்ப மழைக்காலம். பெல்ட்டு நின்னுபோச்சு. பேரிங் கேட்டு ஆளு அனுப்புனேன். இல்லன்னு எழுதி வந்துது. புதுசு வர ஒம்போது நாளாவும்னாங்க. கழட்டுன பழசையே கழுவி மாட்டி ஓட்டிகினு இருந்தோம். நாலாவது நாளு சூடேறி இறுகிப்போச்சு. அத்தக் கழட்டுறப்ப, கவ்வி இழுக்குற புல்லர் நழுவிடுச்சு மேடம். தனசேகரு கைய வச்சிகினு இருந்தான்…”

தனசேகரை எனக்குத் தெரியும். டைம் ஆபீசில் லைட் டியூட்டியில் இருந்தார். நாங்கள் போகும் பஸ்ஸில்தான் வருவார். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. கம்பியை இடது கையால் பிடித்து நிற்பார். சுரங்கத்தில் அடிபட்டவர் என்று மட்டும் தெரியும். அதற்கு முன்னால் என் சீட்டு ஒன்று இருந்தது என்று தெரியாது.

“உங்க மேல கோவம் இல்ல மேடம். இல்லாதத நீங்க எங்கேந்து குடுப்பீங்க? ஆனா அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே என் பெல்ட்டுக்கு ‘இல்ல’ன்னு ஒரு சீட்டு வரக்கூடாதுன்னு. கெடைக்கிறப்பல்லாம் வாங்கி வச்சிகினு இருக்கேன். தப்புதான். எழுதிக்குங்க.”

நான் எதையும் எழுதவில்லை. ஜீப்பில் திரும்பும்போது அந்தத் தகரக் கூட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் சரக்கு தேங்குவதை அலட்சியம் என்றும் ஊதாரித்தனம் என்றும் அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அந்தக் கூட்டில் நான் பார்த்தது பயம். ஒரு ஆளின் நியாயமான பயம்.

சென்னியப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“இவர் ஒருத்தர்தானா இருப்பாருங்க?”

“இருக்காது சார்.”

“அப்ப இவர மட்டும் புடிச்சா மத்தவங்க பூட்ட இன்னும் இறுக்கிடுவாங்க.” எழுந்து ஜன்னலுக்குப் போனார். “பதினஞ்சு நாளு கொடுப்போம். வெளிய இருக்கிற எந்தச் சாமானயும் திருப்பிக் கொண்டாரலாம். ஏன் வச்சிருந்தேன்னு ஒரு கேள்வி கெடையாது. கொண்டாந்த சாமான் அந்தப் பிரிவு பேருலயே இருக்கும். கேட்ட அன்னிக்கே கொடுக்கோணும். இது நம்ம இலக்குல சேத்துக்குங்க.”

“சார், அதெல்லாம் உள்ளே வந்தா நம்ம இருப்பு ஏறும். மூன்றில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லியிருக்காங்க.”

“ஏறட்டுங்க. அது இப்பவும் இருக்கத்தானுங்க இருக்குது. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல.”

மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிட்டு சுற்றறிக்கை போட்டார். முதல் மூன்று நாள் யாரும் வரவில்லை. நாலாம் நாள் காலை ஒரு லாரி வந்து நின்றது. முன்னால் கோதண்டபாணி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தகரக் கூட்டில் இருந்தது முழுவதையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் இறக்குவதைப் பார்க்க மற்ற பிரிவு ஆட்கள் சும்மா வருவதுபோல வந்து நின்றார்கள். சார் போய் அவர் கையைப் பிடித்து, “இவ்வளவு நல்லா வச்சிருக்கிறீங்களே, எங்க பசங்களுக்கு ஒரு நாளு சொல்லித்தாங்க,” என்றார். அவ்வளவுதான். மறுநாள் டிராக்டர், அதற்கு மறுநாள் இரண்டு லாரி. கடைசி நாள் பதிவு செய்ய எங்களுக்கு அட்டை போதவில்லை.

அந்தக் காலாண்டுக் கூட்டத்தில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள். எங்கள் இருப்பைக் காட்டும் வரைபடக் கோடு மட்டும் திரையில் மேலே ஏறியிருந்தது. தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “குறைக்கச் சொன்னா கூட்டிட்டு வந்திருக்கீங்களே?” என்றார். சிலர் சிரித்தார்கள்.

சென்னியப்பன் சார் எழுந்து நின்றார். “ஆமாங்க. கூடியிருக்குதுங்க. புதுசா ஒண்ணும் வாங்கலீங்க. இத்தன நாளு நாம தப்பான எண்ணைப் பாத்துட்டு இருந்தோம். இப்பத்தான் சரியான எண்ணு வந்திருக்குது. இங்கிருந்து இறக்கித் தர்றதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் வேணுங்க.”

எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அதைத் தயார் செய்யவேண்டியது என் பிரிவு. நான் எழுதிக்கொண்டு போனதில் என் பெயரும் இருந்தது. அவர் அதை அடித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட்டார். “எனக்குப் பெரிய மேல்பதவி ஒண்ணும் இனிமே இல்லீங்க. உங்களுக்கு இருக்குது,” என்றார். விளக்கத்தைப் படித்த மேலதிகாரியும் நியாயமானவர்தான். இரண்டு வருடம் கொடுத்தார்.

திரும்பி வந்த சரக்கைச் சரியான இடத்தில் சேர்ப்பதற்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். அட்டையில் இருக்கும் பெயரை நம்பக்கூடாது. ஒவ்வொரு பொருளையும் துடைத்து, அதன் உடம்பில் வெட்டியிருக்கும் எண்ணைப் படித்து எழுத வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், இரண்டு குறியீட்டு எண் இருந்தால் சேர்த்துவிட வேண்டும். பேரிங்குகளை நானே எடுத்துக்கொண்டேன். கோதண்டபாணியின் பேரிங்கில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு, அதே எண் வேறெங்காவது இருக்கிறதா என்று ஷெட் ஷெட்டாகத் தேடினேன்.

நாலாம் ஷெட்டின் கடைசி ரேக்கில், கீழ்த்தட்டில், நான்கு மரப்பெட்டிகள் இருந்தன. பேரிங் கம்பெனியின் பெயர் அவற்றில் இல்லை. கன்வேயரைச் செய்து கொடுத்த கம்பெனியின் பாக எண்ணில், எந்திரத்தோடு உதிரியாக வந்தவை. பிரிக்கவே இல்லை. ஆணியைப் பிடுங்கி, காகிதத்தை விலக்கி, வளையத்தைத் துடைத்தேன். அதே எண்.

அட்டையை எடுத்துப் பார்க்கக் கை வரவில்லை. பார்த்தேன். நான்கு வந்திருந்தது, ஒன்றும் போகவில்லை. வந்த தேதி, என் சிவப்பு மைச் சீட்டுக்கு ஒரு வருடம் முந்தியது.

நான் ‘இல்லை’ என்று எழுதிய அன்று, நான் உட்கார்ந்திருந்த கவுன்டரிலிருந்து இருநூறு அடியில் அந்தப் பேரிங் இருந்திருக்கிறது. ஒன்றல்ல, நான்கு. வேறு பெயரில், குவியலுக்கு அடியில். நிறைய இருந்ததால்தான் இருப்பது தெரியவில்லை. அந்த ரேக்கின் ஓரத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். யாரோ வந்து, “மேடம், தண்ணி வேணுமா?” என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

சாரிடம் போய்ச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர், “அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“எதுக்கு சார்? இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா அது அவங்க விசயம். நம்மகிட்ட வச்சிக்கறது நியாயமில்லீங்க.”

இரண்டு நாள் கழித்து கோதண்டபாணியிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. எழுந்து போய்விட்டார். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் டைம் ஆபீஸ் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். “நானும் கூட வரேன் மேடம். தனசேகருகிட்ட தனியா சொல்லாதீங்க,” என்றார்.

தனசேகர் ரெஜிஸ்டரை மூடிவிட்டு வெளியே வந்தார். மர நிழலில் சிமென்ட் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு இருந்தது, இல்லை என்று எழுதியது நான். சொல்லி முடிக்கும்வரை அவர் தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?” என்றார். “அன்னைக்குத் தேடிப் பாத்துட்டு இல்லன்னு எழுதுனீங்களா, பாக்காமலே எழுதுனீங்களா?”

“அட்டையைப் பார்த்தேன். ஷெட்டைப் பார்க்கலை.”

“எழுந்து போய்ப் பாத்திருந்தா?”

“அன்னைக்கு இருந்த குவியலில் பார்த்திருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேனான்னு தெரியலை. ஆனா எழுந்து போகலை. அது உண்மை.”

கோதண்டபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனசேகர் அவர் தொடையில் தட்டி நிறுத்தினார்.

“எங்க வீட்டுல அவங்க இன்னைக்கு வரைக்கும் அண்ணனத்தான் திட்டிட்டு இருக்காங்க மேடம். பழச மாட்டச் சொன்னது அண்ணன்னு. இவரும் பதில் பேசாம கேட்டுட்டு இருப்பாரு. இன்னைக்குப் போயி சொல்லிடறேன்.” பிறகு என்னைப் பார்த்து, “உங்கமேல கோவம் வருது. வராம இல்ல. ஆனா வந்து சொன்னீங்கல்ல,” என்றார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஒரு வாரம் கழித்து அவரே ஸ்டோர்ஸுக்கு வந்து சென்னியப்பன் சாரைப் பார்த்தார். டைம் ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது, இங்கே ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டார். சார் அவரை எங்கள் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு எழுதினார். அதோடு எங்கள் இலக்குத் தாளில் கடைசியாக ஒரு வரியைச் சேர்த்தார். அட்டையிலோ கம்ப்யூட்டரிலோ பூஜ்யம் என்று காட்டினாலும், ஒருவர் ஷெட்டுக்குள் நடந்துபோய்க் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்தச் சீட்டிலும் ‘இல்லை’ என்று எழுதக்கூடாது. அந்த ஒருவர் தனசேகர்.

இரண்டு வருடத்தில் எண் இறங்கியது. கேட்டதற்கும் மேலே இறங்கியது. ரகசியப் பூட்டுகள் திறந்ததால் பல பிரிவுகள் அந்த இரண்டு வருடமும் பேரிங்கே கேட்கவில்லை. மஞ்சள் குறிச் சாமான்கள் ஏலத்தில் போய், யார்டில் தார்ப்பாய் கிடந்த இடத்தில் புல் முளைத்தது. அதற்கெல்லாம் முன்பே கோதண்டபாணி மெமோ எதுவும் இல்லாமல், கழுத்து கொள்ளாத மாலையோடு ஓய்வு பெற்றிருந்தார். மேடையில் அவர் பக்கத்தில் தனசேகரின் மனைவி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சென்னியப்பன் சாருக்கு அவர் சொன்னபடியே மேல்பதவி வரவில்லை. ஊருக்குப் போய் மஞ்சள் பயிர் செய்கிறார்.

நான் ஓய்வு பெறும்வரை தனசேகர் என் பிரிவில் இருந்தார். எங்களுக்குள் பெரிய நட்பு என்று சொல்லமுடியாது. சில நாள் அவர் என் மேஜை வழியாகப் போகும்போது பேசாமலே போவார், நானும் கூப்பிடமாட்டேன். ஆனால் சீட்டு வந்தால் உடனே எழுந்துவிடுவார். ரேக்குகளுக்கு நடுவில், பெட்டிகளைத் திருப்பிப் பார்த்து, குனிந்து, வளையத்தைத் துடைத்து எண்ணைப் படிப்பது எனக்கு அறையிலிருந்தே தெரியும். அநேகமாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஒருநாள் பம்ப் பிரிவிலிருந்து ஒரு சீலுக்கு அவசரச் சீட்டு வந்தது. முக்கால் மணி நேரம் ஆறு ஷெட்டிலும் தேடிவிட்டு, சட்டையெல்லாம் தூசியோடு வந்து என் முன்னால் நின்றார். இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டுச் சீட்டை நீட்டினார்.

“எல்லா எடமும் பாத்துட்டேன் மேடம். இது நெசமாவே இல்ல. தைரியமா புதுசு வாங்குங்க.”